விளக்கில் ஒட்டும் ஃபிலிம்: கறுப்பும் தெளிவும்

மலேசியாவின் செலாயாங்கில் கார் துணைப்பொருள் விற்கும் கடைக்குப் போய் விளக்குக்கு ஒட்டும் ஃபிலிம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு சுருளை எடுத்துப் போடுவார்கள். ஒன்று கறுப்பு. கடைக்காரர் அதை ஸ்மோக் என்பார்; இளஞ்சாம்பலிலிருந்து கரி நிறம் வரை அதில் பல அழுத்தங்கள் உண்டு. மற்றது நிறமே இல்லாத தெளிவான ஃபிலிம். இரண்டையும் ஒட்டும் முறை ஒன்றுதான். தண்ணீர் தெளிப்பான், ரப்பர் துடுப்பு, முடி உலர்த்தி, கூரான பிளேடு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும். ஏன் ஒட்டுகிறீர்கள் என்று கேட்டால் விளக்கைப் பாதுகாக்க என்றுதான் இரு சாராரும் சொல்கிறார்கள். அதனால் இவை ஒரே பொருளின் இரண்டு நிறங்கள் என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது.

அந்த எண்ணம் தவறு. தெளிவான ஃபிலிமை வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலுக்கு அது நல்ல செலவு. கறுப்பை முன்விளக்கில் ஒட்டக் கூடாது, பின்விளக்கில் ஒட்டவே கூடாது. பின்விளக்கை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதற்கு முன் விளக்கின் முகப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்த காலத்தில் கார் முன்விளக்கின் முகப்பு என்றால் பெரும்பாலும் கனத்த கண்ணாடிதான். கல் பட்டால் உடையும். ஆனால் எத்தனை வருட வெயிலிலும் மஞ்சளாகாது. அதன் இடத்தைப் பிடித்தது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953-இல் ஜெர்மனியில் பாயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கா 1983-இல் பல்பை மட்டும் கழற்றி மாற்றும் முன்விளக்குகளை அனுமதித்த பிறகு, காரின் முகத்துக்கு ஏற்ப எப்படி வேண்டுமானாலும் வளைத்து வார்க்கக்கூடிய இந்தப் பிளாஸ்டிக் கண்ணாடியை மெல்ல மெல்ல வெளியேற்றியது. எடை குறைவு, சுலபத்தில் உடையாது, புதிதாக இருக்கும்போது விழும் ஒளியில் 90 விழுக்காட்டை ஒட்டி வெளியே விடும். 2005-இல் பெரோடுவா மைவி வந்தபோது புதிய கார்களின் முன்விளக்குகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்காகிவிட்டன.

பாலிகார்பனேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. புற ஊதாக் கதிர் பட்டால் அதன் மூலக்கூறுகள் உடைந்து வேறு விதமாகச் சேர்கின்றன; நிறம் மஞ்சளாகிறது, மேற்பரப்பு நொறுங்கி மங்குகிறது. இதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு கடினப் பூச்சைப் பூசி அனுப்புகிறார்கள். சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள அந்தப் பூச்சுதான் விளக்கின் ஆயுள். நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகையே வடக்கில் இருக்கும் செலாயாங்கில் வருடம் முழுக்க நண்பகல் வெயில் உச்சியிலிருந்து இறங்குகிறது. இன்றைய கார்களின் விளக்குகள் செங்குத்தாக நிற்பதில்லை, வானம் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. அடுக்குமாடியின் திறந்த நிறுத்துமிடத்தில் நாளெல்லாம் நிற்கும் காருக்கும் கூரை போட்ட தரைவீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் ஐந்தாறு வருடத்தில் விளக்கிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். போதாததற்கு, ரவாங் பக்கமிருந்து கல்லும் மணலும் ஏற்றி வரும் லோரிகளின் பின்னால் ஓடும் காருக்குப் பொடிக்கல் அடி வேறு. அந்தப் பூச்சில் நுண்ணிய கீறல் விழுந்தால் வெயில் உள்ளே புக வழி கிடைத்துவிடுகிறது.

மங்கிய விளக்கு எவ்வளவு ஒளியைத் தின்கிறது என்பதை அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-இல் அளந்து பார்த்தது. வெயிலில் மஞ்சளாகி மங்கிய முகப்பு, தாழ்வெளிச்சத்தில், புதிய விளக்கு தரும் ஒளியில் வெறும் 22 விழுக்காட்டைத் தந்தது. தேய்த்து மெருகேற்றினால் சுமார் 70 விழுக்காடு வரை மீண்டது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ஃபிலிம் வாங்குவோரில் கணிசமானோர் அழகுக்காக மட்டும் வாங்குவதில்லை. மஞ்சளாகிப்போன விளக்கை மறைக்க வாங்குகிறார்கள். பத்து வருடம் ஓடிய மைவியின் மஞ்சள் கண் கறுப்புத் தாளுக்குள் போனதும் கார் புதிதாகத் தோன்றும். ஆனால் 22 விழுக்காடு ஒளி விடும் முகப்பின் மேல் பாதி ஒளியை மறைக்கும் ஃபிலிம் ஒட்டினால் சாலைக்குப் போய்ச் சேர்வது 11 விழுக்காடு. பார்வைக்குக் குறை மறைகிறது, மிஞ்சிய ஒளி பாதியாகிறது.

தெளிவான ஃபிலிம் செய்யும் வேலை இதற்கு நேர் எதிர். வியட்நாம் போரின்போது அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க உருவான பாலியூரித்தேன் ஃபிலிமின் வழிவந்தது இது. இன்று கார் வண்ணத்தைக் காக்க ஒட்டுகிறார்களே, அதே வகைதான். ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமன். பொடிக்கல் பட்டால் அடியை வாங்கிக்கொள்ளும். நல்ல வகையில் மேலோட்டமான கீறல் வெயிலின் சூட்டிலேயே தானாக மறைந்துவிடும். புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியையும் தடுக்கும். ஒளியில் அது எடுத்துக்கொள்வது மிகச் சிறு பங்கு. தேய்ந்துபோன தொழிற்சாலைப் பூச்சின் வேலையைச் செய்யக்கூடிய, வேண்டும்போது உரித்துப் புதிதாக மாற்றக்கூடிய இன்னொரு பூச்சு என்று சொல்லலாம்.

எப்போது ஒட்டினால் பயன் என்பதும் முக்கியம். புதுக் காரில் ஒட்டினால் மிகவும் நல்லது. பழைய விளக்கு என்றால் மெருகேற்றிய அன்றே ஒட்ட வேண்டும். 800 எண் மணல்தாளில் தொடங்கி 3000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு மெருகுப் பசை போட்டால் முகப்பு கண்ணாடிபோல் மின்னும். அந்த மினுக்கத்தோடு பலர் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். தேய்த்ததில் மஞ்சளோடு சேர்ந்து மிச்சமிருந்த கடினப் பூச்சும் போய்விட்டது. பாலிகார்பனேட் வெயிலுக்கு வெறும் உடம்பாக நிற்கிறது. சில மாதத்தில் மறுபடி மங்கும், அதுவும் முன்னைவிட வேகமாக. பற்பசை தேய்த்தால் பளபளக்கும் என்று சொல்வார்களே, அதற்கும் இதே கதிதான். மெருகின் மேல் தெளிவான ஃபிலிம் ஒட்டியவர்தான் தேய்த்த உழைப்புக்குப் பலன் காண்பார்.

இனி ஒளிக் கணக்கு. கறுப்பு ஃபிலிமில் நடுத்தரமான ஒன்றை, பாதி ஒளியை மட்டும் விடுவதாக எடுத்துக்கொள்வோம். கடையில் அதற்குப் பெரும்பாலும் எண் சொல்ல மாட்டார்கள். கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். ஒளி பாதியானால் எட்டும் தூரம் பாதியாகிவிடாது. தூரத்தின் இருமடிக்கு ஏற்ப ஒளி குறைவதால் தூரம் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்காகக் குறையும். இருட்டில் 50 மீட்டரில் தெரிந்த ஆள் 35 மீட்டருக்கு வந்தால்தான் அதே அளவு தெரிவார் என்று தோராயமாகச் சொல்லலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. இழந்த அந்த 15 மீட்டர், ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

இந்தக் கணக்கு செலாயாங் சாலைகளில் யாருக்கு வந்து விழுகிறது? மொத்தச் சந்தையான பாசார் போரோங்கில் விடியுமுன்பே காய்கறி இறக்க வந்து சாலையைக் குறுக்கே கடக்கும் தொழிலாளிக்கு. இரவு வேலை முடிந்து செலாயாங் மருத்துவமனையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் தாதிக்கு. தைப்பூசத்தை ஒட்டிய இரவுகளில் பத்துமலையை நோக்கி ஜாலான் ஈப்போ ஓரமாகக் குடும்பம் குடும்பமாக நடந்து வரும் பக்தர்களுக்கு. இவர்களில் யாரும் அந்தக் காரின் ஃபிலிமைத் தேர்ந்தெடுக்கவில்லை.

குறைந்த ஒளியைச் சரிக்கட்ட எல்இடி பல்ப் போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஹெலொஜன் பல்புக்கென்று செய்த விளக்கில் உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கிண்ணம், பல்பின் இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறினால் ஒளிக்கற்றை கலைந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் தாழ்வெளிச்சம் இடது ஓரத்தில் மட்டும் சற்று மேலேறி, வலப்பக்கம் எதிரே வருபவருக்குத் தாழ்ந்திருக்குமாறு வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டுக்கோடு கலைவதற்குப் பல்பு மாற்றவேண்டும் என்றுகூட இல்லை. ஃபிலிமில் சுருக்கமும் குமிழும் இருந்தாலே போதும். இதில் தெளிவான ஃபிலிமுக்கும் விலக்கில்லை. மோசமாக ஒட்டிய தெளிவான ஃபிலிமும் ஒளியைச் சிதறடிக்கும். வீட்டில் ஒட்டுபவர் பொறுமையாகச் செய்யவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பின்விளக்குக்கு வருவோம். முன்விளக்கு மங்கினால் ஓட்டுநருக்கே கொஞ்சமாவது தெரியும்; சாலை இருட்டாக இருக்கிறதே என்று ஒருநாள் உறைக்கும். பின்விளக்கு மங்கினால் அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஐ.நா.வின் வாகன விதி 7-இன்படி ஒரு பிரேக் விளக்கு அச்சுக்கு நேராகக் குறைந்தது 60 கண்டெலா ஒளி தர வேண்டும். சாதாரணப் பின்விளக்குக்கு 4 கண்டெலா போதும். இந்தப் பெரிய இடைவெளி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பின்னால் வருபவருக்கு இது வெறும் விளக்கு, இது பிரேக் என்று ஒரு கணத்தில் பிரித்துத் தெரிய வேண்டும், பட்டப்பகலிலும் தெரிய வேண்டும். மாலை நான்கு மணி வெயில் பின்விளக்கின் மேல் நேராக விழும்போது கறுப்பு ஃபிலிமுக்குள் எரியும் பிரேக் விளக்கு எரிகிறதா என்று தெரிவதற்குள் தூரம் கரைந்துவிடுகிறது. குறைந்தபட்ச அளவை ஒட்டியே தயாரான விளக்கில் பாதி ஒளி விடும் ஃபிலிம் ஒட்டினால் 60 கண்டெலா 30 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு விடும் கரி நிற ஃபிலிம் என்றால் 20. சிக்னல் விளக்குக்கும் இதே கணக்குதான்.

இதைவிட மோசமான இழப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி ஃபிலிம் விற்பவர் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பின்விளக்கின் உறைக்குள் தேன்கூடுபோல் பொடிக்கட்டமாகத் தெரியும் சிவப்புப் பகுதி பல கார்களில் இருக்கும். சில கார்களில் அது பம்பரில் தனியாக இருக்கும். அது விளக்கு இல்லை. மின்சாரமே தேவைப்படாத பிரதிபலிப்பான். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை வாங்கி வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவது அதன் வேலை. கார் பழுதாகி, பேட்டரி செத்து, விளக்கு எதுவும் எரியாமல் ரவாங் சாலை ஓரத்தில் நிற்கும் இரவில் அந்தக் காரைக் காட்டிக்கொடுப்பது இது ஒன்றுதான். இதன் மேல் ஃபிலிம் ஒட்டினால் ஒளி உள்ளே போகும்போது ஒருமுறையும் வெளியே வரும்போது மறுமுறையும் வடிகட்டப்படுகிறது. பாதி விடும் ஃபிலிமில் மிஞ்சுவது கால் பங்கு. மூன்றில் ஒரு பங்கு விடும் ஃபிலிமில் ஒன்பதில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் விடும் கரி நிறத்தில் நூற்றுக்கு நான்கு. பின்னால் கப்சாய் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞனின் கண்ணுக்குத் திரும்ப வேண்டிய ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குதான் திரும்புகிறது. கறுப்பை எதிர்ப்பதற்கு வேறு வாதம் எதுவும் இல்லாமல் இது மட்டும் இருந்தாலும் எனக்குப் போதும்.

விளக்கு பார்ப்பதற்கு மட்டுமன்று, பார்க்கப்படுவதற்கும்தான் என்பதை மலேசியா தன் சாலையிலேயே சோதித்துக் கண்ட நாடு. 1992-இல் மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று முதலில் பிரசாரம் செய்து, அந்த ஆண்டு செப்டம்பரில் கட்டாயமாக்கினார்கள். பேராசிரியர் ராடின் உமாரும் உடன் ஆய்வாளர்களும் சிரம்பான், ஷா ஆலாம் வட்டாரங்களின் விபத்துக் கணக்கை எடுத்து ஆராய்ந்தபோது, கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தன. பட்டப்பகலில், நன்றாகக் கண் தெரியும் வெளிச்சத்தில், ஒரு சிறு விளக்கு எரிந்ததால் கிடைத்த பலன் இது. 2019-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 6,167 பேர். ஆண்டுதோறும் இப்படி இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும்தான். அவர்கள் விளக்கை எரியவிட வேண்டும் என்று சட்டம் போட்ட நாட்டில் கார்க்காரர் தன் விளக்கை மூடிக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

கண்ணாடிக்கு டிண்டட் போடலாம், விளக்குக்கு மட்டும் ஏன் கூடாது என்ற கேள்வி வரும். மலேசியாவில் டிண்டட் இல்லாத காரைக் காண்பது அரிது, வெக்கை அப்படி. 1991-ஆம் ஆண்டின் கண்ணாடி விதிகள் பலமுறை திருத்தப்பட்டு, 2019 மே மாதம் பின்பக்கக் கண்ணாடிகளை எவ்வளவு கறுப்பாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தப்பட்டன. ஆனால் அந்தத் தளர்வு எங்கே நின்றது என்று பாருங்கள். முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும், ஓட்டுநர் பக்கமும் அவருக்கு அடுத்த இருக்கைப் பக்கமும் 50 விழுக்காடு விட வேண்டும் என்பது மாறவில்லை. ஓட்டுவதற்குக் கண் வேண்டிய இடங்களில் சட்டம் இறங்கி வரவில்லை. விளக்கும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. கண்ணாடியின் கறுப்பு உள்ளே இருப்பவருக்கு நிழல் தருகிறது. விளக்கின் கறுப்பால் உள்ளே இருப்பவருக்கு எந்தச் சுகமும் இல்லை.

விளக்கு முகப்பை உற்றுப் பார்த்தால் ஒரு வட்டத்துக்குள் பெரிய ஆங்கில எழுத்து ஈ ஒன்றும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எந்த நாட்டில் அந்த விளக்கு சோதித்து ஒப்புதல் பெற்றது என்பதை அது சொல்லும். 2006-இல் ஐ.நா.வின் 1958 வாகன ஒப்பந்தத்தில் மலேசியா சேர்ந்தபோது நமக்குக் கிடைத்த எண் 52. அந்த ஒப்புதல் நிறம், ஒளியளவு, கற்றையின் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துத் தரப்பட்டது. மேலே கறுப்பு ஃபிலிம் ஒட்டிய விளக்கு அந்தச் சோதனைக்கு உட்பட்ட விளக்கு இல்லை. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அதிகாரி சாலையில் நிறுத்தினால் வாதாட இடமில்லை. கார் கைமாறும்போது செய்யும் பி5 பரிசோதனைக்கும் காரை அதன் முறையான நிலையில்தான் கொண்டுபோக வேண்டும். மின்-அழைப்பு வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் நெருக்கம். வண்டிக்கு மூன்று வயது தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் உரித்து மறுபடி ஒட்டுவதில் காசும் விளக்கின் மேற்பரப்பும்தான் போகும்.

ஒட்டும் வேலையில் இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மலிவான கறுப்பு ஃபிலிம் பெரும்பாலும் வினைல். மெல்லியது, வளைவான முனையில் சுருங்கும், சூடு காட்டி இழுத்தால் இணங்கும். ஆனால் அதிகம் இழுத்தால் அந்த இழுப்பை மறக்காது. ஓரிரு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பப் பார்த்து ஓரம் எழும்பிவிடும். எழும்பிய ஓரத்தில் தூசி சேரும், மழைநீர் புகும். பாலியூரித்தேன் தடிமனாக இருப்பதால் முதலில் முரண்டு பிடிப்பதுபோல் தோன்றும். உண்மையில் புதிதாகச் செய்பவருக்கு அதுதான் சுலபம். ரப்பர்போல் நீண்டு கொடுக்கும், தவறாக வைத்தாலும் தண்ணீர் தெளித்துத் தூக்கி மறுபடி வைக்கலாம்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். காலை வெயில் ஏறுமுன், காற்றில்லாத இடத்தில் தொடங்குங்கள். சூடான விளக்கின் மேல் தண்ணீர் உடனே காய்ந்து பசை பிடித்துக்கொள்ளும். முகப்பைக் கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். தெளிப்பானில் சுத்தமான தண்ணீரும் குழந்தை ஷாம்பூ சில சொட்டும் போதும். ஃபிலிமை விளக்கைவிட நான்கு புறமும் இரண்டு மூன்று விரற்கடை பெரிதாக வெட்டுங்கள். பின்தாளை உரிக்கும்போது இன்னொருவர் கூடப் பிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தனியாகச் செய்தால் ஃபிலிம் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். பசைப் பக்கத்திலும் விளக்கிலும் தாராளமாகத் தண்ணீர் தெளித்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் துடுப்பால் தண்ணீரைத் தள்ளுங்கள். முனைகளுக்கு முடி உலர்த்தியின் சூடு போதும். வெட்டும்போது பிளேடை விளக்கின் மேல் அழுத்தாதீர்கள். விளக்குக்கும் பம்பருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பிளேடை ஓட்டினால் முகப்பில் கீறல் விழாது. கடைசியில் மிஞ்சும் தண்ணீர்க் குமிழ்கள் சில நாளில் தாமாக ஆவியாகும். காற்றுக் குமிழ் போகாது. ஊசி முனையால் ஒரு துளை இட்டு அழுத்திவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் கடைக்குப் போக வேண்டாம்.

உரிப்பதில்தான் கறுப்பு வினைலின் குணம் முழுதாகத் தெரியும். கறுப்பு வெயிலை அதிகமாக உறிஞ்சும். முன்விளக்கில் என்றால் உள்ளிருந்து 55 வாட் ஹெலொஜனின் சூடும் சேரும். சில வருடம் போனதும் வினைல் மொறுமொறுப்பாகி நகத்தளவு துண்டு துண்டாகத்தான் வரும், பசை விளக்கிலேயே தங்கிவிடும். அந்தப் பசையைப் போக்க பெட்ரோலையோ தின்னரையோ எடுத்துவிடாதீர்கள். பாலிகார்பனேட்டில் அவை பட்டால் உள்ளுக்குள் மயிரிழை விரிசல்கள் ஓடி முகப்பு நிரந்தரமாகக் கெட்டுவிடும். சூடு காட்டி, தாழ்ந்த கோணத்தில் மெதுவாக உரித்து, எஞ்சிய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதே வழி. கறுப்புத் தெளிப்பு வண்ணம் அடித்தவர்களுக்கு இந்த வழியும் இல்லை, மணல்தாள்தான். தெளிவான ஃபிலிமும் என்றென்றைக்கும் இருக்காது. மலிவானது தானே மஞ்சளாகும். ஆனால் மஞ்சளானது ஃபிலிம்தான். அதை உரித்தால் கீழே விளக்கு புதிதாக இருக்கும்.

மஞ்சள் நிற ஃபிலிமைப் பற்றி ஒரு வார்த்தை. கெந்திங், கேமரன் மலைப்பாதைகளில் மூடுபனியை மஞ்சள் ஒளி ஊடுருவும் என்று நம்பி ஒட்டுகிறார்கள். பிரான்ஸ் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை முன்விளக்கு மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்து, பிறகு மற்ற ஐரோப்பிய நாடுகளோடு சேர்ந்து வெள்ளைக்கு வந்துவிட்டது. மஞ்சள் கண்ணுக்கு உறுத்தல் குறைவாகத் தோன்றலாம். ஃபிலிம் ஒளியைக் குறைக்கிறது என்பது மட்டும் உறுதி. பனி விளக்கு இருந்தால் அதை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதும்.

அழகு என்று வாதிடுபவர்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. கறுப்புக் காருக்குக் கறுப்பு விளக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது; இருபது வயதில் தன் முதல் காரைத் தன் கையால் அலங்கரிக்கும் பையனின் ஆசை நல்ல ஆசை. அந்தக் கைத்திறனுக்குக் காரில் இடம் நிறைய இருக்கிறது. கூரை, பக்கக் கண்ணாடியின் உறை, முன் கிரில், கதவுப் பிடி எல்லாம் ஃபிலிம் ஒட்டக் கூடியவை; யாருடைய கண்ணையும் மறைக்காதவை. விளக்கில் தெளிவான ஃபிலிமைச் சுருக்கமில்லாமல் ஒட்டிக் காட்டுவதும் கைத்திறன்தான், ஏனென்றால் அதில் தவறு ஒளிந்துகொள்ள இடமில்லை.

உங்கள் காரின் பின்விளக்கில் இப்போது கறுப்பு ஃபிலிம் இருந்தால், இன்று மாலை யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு இருபது முப்பது மீட்டர் பின்னால் போய் நின்று பாருங்கள். பிறகு வீட்டிலிருக்கும் முடி உலர்த்தியை எடுத்து, முதலில் பின்விளக்கிலிருந்து உரிக்கத் தொடங்குங்கள். முன்விளக்குக்குத் தெளிவான ஃபிலிம் வாங்குவது அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்கலாம். கறுப்பை உரிப்பதற்குக் காசு தேவையில்லை.